உப்பளத்து வெயிலும் ஜரிகையின் மினுக்கும்

எச்.டி.ஆர். காணொளி என்பது, ஒரு காட்சியின் இருண்ட இடத்துக்கும் பிரகாசமான இடத்துக்கும் இடையில் உள்ள ஒளி வேறுபாட்டை, வழக்கமான காணொளியைவிடப் பல மடங்கு அகலமாகப் பதிவு செய்து திரை வரை கொண்டுசேர்க்கும் முறை. கைப்பேசிக் கேமராவில் 'எச்.டி.ஆர்.' என்றொரு பொத்தான் நெடுங்காலமாக இருந்துவருவதால் இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அந்தப் பொத்தானின் வேலை வேறு. வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை இணைத்து, அகலமான ஒளி வீச்சைப் பழைய திரையின் குறுகிய எல்லைக்குள் அமுக்கித் தருவது அது. எச்.டி.ஆர். காணொளி எல்லையையே விரிக்கிறது. அது திரையிலிருந்து கூடுதல் ஒளியைக் கேட்டு வாங்குகிறது. விளம்பரத்தில் அதன் பயனும் தொல்லையும் இந்தக் கூடுதல் ஒளியிலிருந்தே பிறக்கின்றன.

திரையின் ஒளிர்வை நிட் என்ற அலகால் அளப்பார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு கேண்டெலா என்பது ஒரு நிட். கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிகளின் காலத்தில் உருவாகி 1990இல் ரெக். 709 என்ற தரமாக உறுதிப்பட்ட வழக்கமான காணொளியில், மிக வெண்மையான புள்ளிக்கு 100 நிட் என்பதே ஸ்டுடியோக் கணக்கு. இன்றைய திரைகள் இதைவிடப் பிரகாசமாக இதே காணொளியைக் காட்டினாலும், உள்ளே இருக்கும் தகவல் அந்தப் பழைய அளவுக்கு வகுக்கப்பட்டதுதான். வெள்ளை வேட்டியும் அதன்மேல் விழும் டார்ச் வெளிச்சமும் அதில் ஒரே வெள்ளை.

வெளி உலகின் கணக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்குத் திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள மரக்காணம் உப்பளம் நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டு உப்பு உற்பத்தியில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்துப் பேசப்படும் ஊர் அது. கோடை நண்பகலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். புதிதாக வாரிக் குவித்த உப்பு அதில் 85 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்று கொண்டால், குவியலின் ஒளிர்வு சுமார் 27,000 நிட். பக்கத்தில் ஓலைக் கொட்டகையின் நிழலில் 200 லக்ஸ் வெளிச்சம் இருக்க, அங்கு இளைப்பாறும் தொழிலாளியின் முகம் 10 நிட் அளவில் இருக்கும். இரண்டுக்கும் இடையில் 2,700 மடங்கு. ஒளி ஒவ்வொரு முறை இரட்டிப்பதையும் ஒரு ஸ்டாப் என்று எண்ணும் ஒளிப்பதிவாளர் கணக்கில், இது 11 ஸ்டாப்புக்கும் மேல். ஈர உப்பின் படிக முகங்களில் சூரியனே பிரதிபலிக்கும் புள்ளிகளோ சில கோடி நிட்டைத் தொடும். அவற்றை எந்தக் கேமராவும் முழுமையாகப் பிடிக்காது, எந்தத் திரையும் காட்டாது. அப்படியே காட்டினாலும் பார்க்க முடியாது.

ஆகவே எச்.டி.ஆர். இயற்கை ஒளியை அப்படியே திரைக்குக் கொண்டுவருவதில்லை. கண் ஏமாறாமல் ஏற்கும் விகிதங்களை மட்டும் காப்பாற்றுகிறது. கண் ஒளியைக் கூட்டல் கணக்கில் உணர்வதில்லை, விகிதக் கணக்கில் உணர்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே வேபரும் ஃபெக்னரும் காட்டிவிட்டார்கள். 10 நிட்டுக்கும் 11 நிட்டுக்கும் உள்ள வேறுபாடு எளிதில் தெரியும். 1,000 நிட்டுக்கும் 1,001 நிட்டுக்கும் உள்ளது தெரியவே தெரியாது. கண்ணின் இந்த உணர்திறனைப் பீட்டர் பார்ட்டன் கணித வடிவில் தந்தார். அதை அடித்தளமாகக் கொண்டு டால்பி நிறுவனம் வகுத்த பி.க்யூ. என்ற வளைவு 2014இல் திரைத்துறைத் தரமாயிற்று. 0 முதல் 10,000 நிட் வரை உள்ள ஒளிர்வை, கண்ணுக்குப் படி தெரியாதபடி அது எண்களாகப் பிரிக்கிறது. அந்த எண்களில் பாதி 100 நிட்டுக்குக் கீழே உள்ள ஒளிக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பளபளப்புக்காகவே உருவானதாகப் பேசப்படும் தொழில்நுட்பம், நிழலுக்குத்தான் கூடுதல் இடம் தருகிறது. வழக்கமான 8 பிட் காணொளியில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றால் 10 பிட்டில் 1,024. மாலை வானமோ பட்டுப்புடவையின் மடிப்போ பட்டை பட்டையாகத் தெரியாமல் இருப்பதற்கு இந்தப் படிகள் வேண்டும்.

பி.பி.சி.யும் ஜப்பானின் என்.எச்.கே.யும் சேர்ந்து உருவாக்கிய எச்.எல்.ஜி. மற்றொரு வளைவு. நேரலை ஒளிபரப்பை மனத்தில் வைத்து அமைந்ததால் பழைய திரையிலும் அது ஓரளவு ஒழுங்காகத் தெரியும். இரண்டு வளைவுகளையும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2016இல் பி.டி.2100 என்ற ஒரே பரிந்துரையில் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் யூடியூப் எச்.டி.ஆர். காணொளிகளை ஏற்கத் தொடங்கியது. 2020 அக்டோபரில் வந்த ஐபோன் 12, எச்.எல்.ஜி. அடிப்படையிலான டால்பி விஷன் காணொளியைக் கைக்குள்ளேயே எடுத்துத் தந்தது. பெரிய ஸ்டுடியோக்களின் சொத்தாக இருந்த ஒன்று, புடவை விற்பவரின் சட்டைப்பைக்கு வந்த கதை இவ்வளவுதான். அந்தப் புடவையில் என்ன நடக்கிறது என்பது இதைவிடச் சுவையானது.

விழுப்புரம் மாவட்டத்துச் சிறுவந்தாடு பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற கிராமம். அங்கு நெய்த ஜரிகைப் புடவை ஒன்றைக் கேமரா முன் விரித்தால், பட்டு நூலின் நிறம், பட்டின் மேற்பரப்பு மினுக்கு, ஜரிகையின் உலோக மினுக்கு என மூன்று வகை ஒளி புறப்படுகிறது. முதல் வகை நூலுக்குள் நுழைந்து சாயத்தில் பட்டுச் சிதறி வெளிவரும் ஒளி. எத்திசையிலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டாவது, நூலின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும் ஒளி. பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோணமாக இருப்பதால் இது கோணத்துக்குக் கோணம் மாறுகிறது. சாயத்தைத் தொடாமலே திரும்புவதால் அதற்குப் பட்டின் நிறம் கிடையாது, விளக்கின் நிறமே உண்டு. மூன்றாவது ஜரிகை. தங்கம் நீல ஒளியை விழுங்கி, சிவப்பையும் மஞ்சளையும் திருப்பி அனுப்புகிறது. அதனால் அதன் மினுக்கின் உச்சியிலும் தங்க நிறமே இருக்க வேண்டும்.

வழக்கமான காணொளி தோற்பது இந்த மூன்றாவது இடத்தில். மினுக்கு எல்லையைத் தொட்டதும் முதலில் சிவப்பு நிரம்புகிறது, அடுத்துப் பச்சை நிரம்புகிறது. நீலம் மட்டும் மேலே ஏற இடமிருப்பதால் ஏறிக்கொண்டே போய் மற்ற இரண்டையும் எட்டிப் பிடிக்கிறது. மூன்றும் சமமானால் அது வெள்ளை. தங்க ஜரிகை, வெளுத்த பிளாஸ்டிக் நூலாகத் தெரிவதன் காரணம் இதுதான். ஒளியளவைக் குறைத்தால் ஜரிகை தப்பும், ஆனால் புடவையின் உடல் இருண்டுவிடும். எச்.டி.ஆர். தரக் கையேடான பி.டி.2408, மினுக்கில்லாத வெள்ளைப் பரப்பை 203 நிட்டில் வைக்கச் சொல்கிறது. புடவையின் உடல் அதற்குக் கீழே இயல்பான இடத்தில் அமர, ஜரிகையின் மினுக்கு 600, 800 நிட் வரை நிறம் மாறாமல் ஏறலாம். வெள்ளைக்கும் மினுக்குக்கும் நான்கு மடங்கு இடைவெளி இருப்பதால்தான் மூளை அதை உலோகம் என்று அடையாளம் காண்கிறது. விழுப்புரம் நேருஜி சாலையில் நகை வாங்க வருபவர் கையில் சங்கிலியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதும் இந்த இடைவெளியைத் தேடித்தான்.

நிறத்திலும் ஓர் ஆதாயம் உண்டு. மனிதக் கண் காணும் நிறப் பரப்பில் ரெக். 709 சுமார் 36 விழுக்காட்டை மட்டுமே தொடுகிறது. எச்.டி.ஆர். தரம் பயன்படுத்தும் பி.டி.2020 சுமார் 76 விழுக்காட்டை அடக்குகிறது. இன்றைய நல்ல கைப்பேசித் திரைகள் இரண்டுக்கும் நடுவில் பி3 என்ற எல்லை வரை காட்டும். மயில்கழுத்து நிறமும் அடர்ந்த அரக்கும் பழைய எல்லையின் விளிம்பில் சிக்கித் தவிக்கும் நிறங்கள். பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு ஒரு நிறமுமாக நெய்த இரட்டை வண்ணப் பட்டு, அசையும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுவதைக் காட்டவும் இந்த அகலம் உதவுகிறது. அசைவே இங்கு சரக்கு. அதனால்தான் நிழற்படத்தைவிடக் காணொளி புடவைக்குப் பொருத்தம்.

புடவையைப் போல மினுக்கும் இன்னொரு சரக்கு எண்ணெய். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. வரிசை நிலக்கடலை ரகங்களை நாட்டுக்குத் தந்தது. அந்த மண்ணின் கடலை செக்கில் ஆடி எண்ணெயாக இறங்கும் காட்சி, எச்.டி.ஆருக்கென்றே அமைந்தது போலத் தோன்றும். எண்ணெய் ஒளியை உள்ளே விட்டு, நிறத்தை வடித்து, மறுபக்கம் அனுப்புகிறது. பின்னால் ஒரு விளக்கை வைத்தால் விழும் தாரை பொன்னிறத்தில் எரிகிறது. அதன் ஓரங்களில் விளக்கின் வெள்ளை மினுக்கு ஓடுகிறது. உடலில் நிறம், ஓரத்தில் வெள்ளை என்ற இந்தப் பிரிவு கெடாமல் இருந்தால் எண்ணெயின் தெளிவு கண்ணுக்குத் தெரியும், கெட்டால் கலங்கல் போலிருக்கும். தண்ணீர், தேன், கண்ணாடி, விளக்குச்சுடர், ஈரமான காய்கறி எல்லாவற்றுக்கும் இதே விதி.

இதற்கு நேர்மாறான சரக்குகளும் உண்டு. நிலக்கடலைப் பருப்பு, வெல்லம், நெல், மெருகிடாத மண்பானை ஆகியவை வெளிச்சத்தைச் சமமாகச் சிதறடிப்பவை. இவற்றில் மிகப் பிரகாசமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் வேறுபாடு குறைவு. பழைய காணொளியின் எல்லைக்குள்ளேயே இவை வசதியாக அடங்கிவிடும். இவற்றுக்கு எச்.டி.ஆர். எடுப்பது பெரும்பாலும் வீண் செலவு. பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் ஒரு ஜன்னல் வெளிச்சம் பானையின் சொரசொரப்பைக் காட்டும் அளவுக்கு எந்தத் தொழில்நுட்பமும் காட்டாது. விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டில் செய்யும் விநாயகர் சிலைகள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. காகிதக் கூழ் உடலுக்கு எச்.டி.ஆர். தேவையில்லை, மேலே பூசிய பொன்வண்ணத்துக்கு அது பயன்படும்.

பொருளைப் போலவே இடமும் விற்பனைக்குரியதுதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராத்தியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டில், தமிழ்நாட்டுக்குரிய ஒன்று செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் இருக்கும் அந்தக் கோட்டை, சுற்றுலா விளம்பரம் எடுப்பவருக்கு ஒளிச் சோதனை. வெளியே ராஜகிரியின் பாறைகள் வெயிலில் காய்கின்றன. உள்ளே களஞ்சியங்களின் வளைவுக் கூரைகளுக்கு அடியில் அந்தி வெளிச்சமே இருக்கிறது. வழக்கமான முறையில் வாசலைச் சரியாக எடுத்தால் உள்ளறை கறுக்கும், உள்ளறையை எடுத்தால் வாசல் வெள்ளைப் பலகையாகும். எச்.டி.ஆரில் ஒரே ஷாட்டில் உள்ளிருந்து வெளியே நடந்துவர முடியும். கண் வெளிச்சத்துக்குப் பழகும் அந்த நொடித் தடுமாற்றத்தையும் பார்வையாளர் உணர்வார். கோட்டையின் பருமனை வர்ணனைக் குரலைவிட இது நன்றாகச் சொல்லும்.

படப்பிடிப்பில் முதல் வேலை மினுக்குக்கு இடம் விடுவது. வெள்ளைத் துணி ஒன்றை அளவாக வைத்து, அதற்கு மேலே இரண்டு அல்லது மூன்று ஸ்டாப் காலியாக இருக்கும்படி ஒளியளவை நிர்ணயிப்பார்கள். அகலமான ஒளி வீச்சைச் சுருக்கிப் பதியும் லாக் முறையில் கேமரா 10 பிட்டில் பதிவு செய்தால், டி.ஐ. எனப்படும் நிறச் சீரமைப்பு மேசையில் வேலை செய்யச் சரக்கு இருக்கும். பழைய முறையில் வெள்ளையாகக் கரைந்து மறைந்த குழல்விளக்கு, ஜன்னல், பின்னால் நிற்கும் எவர்சில்வர் டிரம் எல்லாம் எச்.டி.ஆரில் தனித்தனியாகப் பளிச்சிட்டு, பொருளிலிருந்து கண்ணைப் பறித்துக்கொள்ளும். செட்டில் விளக்கு வைப்பதைவிட வேண்டாத வெளிச்சத்தை மறைப்பதற்கே அதிக நேரம் போவதுண்டு. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் அந்தத் துடிப்பு பதிவாகாது. இன்னொன்று: ஒளிர்வு கூடக்கூடக் கண் துடிப்பையும் தள்ளாட்டத்தையும் எளிதில் கண்டுபிடிக்கிறது. நொடிக்கு 24 சட்டகத்தில் கேமராவை வேகமாகத் திருப்பி எடுத்த காட்சி, எச்.டி.ஆர். திரையில் திக்கித்திக்கி நகரும். முந்தானையின் மேல் கேமரா மெதுவாகத்தான் போக வேண்டும்.

டி.ஐ.யில் மிகுதியாக நடக்கும் பிழை எழுத்திலும் சின்னத்திலும். கடைப் பெயரையும் விலையையும் முழு வெள்ளையில் போட்டுவிட்டு வளைவை நீட்டினால் அந்த எழுத்து 1,000 நிட்டில் கண்ணைக் குத்தும். எழுத்தின் இடம் 203 நிட்தான், அதற்கு மேல் அதற்கு வேலையில்லை. பொருளைச் சுற்றி முழு வெள்ளைப் பின்னணி வைக்கும் இணைய வணிக வழக்கமும் இங்கு பொருந்தாது. ஓஎல்இடி திரை சிறு பகுதியை மிகப் பிரகாசமாகக் காட்டும். திரை முழுவதும் வெள்ளையானால் மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்தத் தானே மங்கிவிடும். அதோடு மினுக்கும் போகும். காணொளிக் கோப்போடு போகும் தகவலில், மிகப் பிரகாசமான புள்ளியின் அளவும் மிகப் பிரகாசமான சட்டகத்தின் சராசரியும் குறிக்கப்படுகின்றன. எச்.டி.ஆர்.10 இவற்றைப் படம் முழுவதற்கும் ஒருமுறை சொல்லும். டால்பி விஷனும் எச்.டி.ஆர்.10 பிளஸும் காட்சிக்குக் காட்சி சொல்லும். முப்பது நொடி விளம்பரத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது என்பதே நடைமுறை.

இனித் திரை. பெட்டியில் 'எச்.டி.ஆர்.' என்று அச்சிட்ட எல்லாத் தொலைக்காட்சியும் ஒன்றல்ல. விலை குறைந்தவற்றில் பல, எச்.டி.ஆர். சமிக்ஞையைப் புரிந்துகொள்ளும், ஆனால் 300 நிட்டைத் தாண்டாது. வரும் ஒளியைத் தன் எல்லைக்குள் அமுக்கும்போது படம் முழுவதும் இருண்டுபோவதும் உண்டு. அத்தகைய திரையில் ஒழுங்காக எடுத்த பழைய முறைக் காணொளியே மேல். கடை வாசலில் தொங்கும் திரைகள் பெரும்பாலும் தொழிற்சாலையில் வைத்த 'விவிட்' நிலையிலேயே ஓடுகின்றன. அந்த நிலையில் எந்த நிறமும் நெய்தவர் நினைத்த நிறமாக இருக்காது. திரையரங்கில் இடைவேளைக்கு முன் ஓடும் விளம்பரத்துக்கோ இந்தப் பேச்சே பொருந்தாது. வழக்கமான புரொஜெக்டரின் வெள்ளை 48 நிட்தான்.

கைப்பேசிதான் உண்மையான எச்.டி.ஆர். திரை. இருந்தாலும் அது பார்க்கப்படும் இடத்தைப் பொறுத்து அதன் வலிமை மாறுகிறது. விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தின் கூரைக்கு அடியில் பகல் வெளிச்சம் 10,000 லக்ஸ் இருந்து, கண்ணாடி அதில் ஐந்து விழுக்காட்டைச் சிதறித் திருப்பினால், திரையின் கறுப்பின் மேல் 150 நிட்டுக்கும் மேற்பட்ட வெளிச்சப் படலம் படிகிறது. நிழல் விவரங்கள் அத்தனையும் அதில் மூழ்கும். கைப்பேசி தன் வெளிச்சத்தை ஏற்றி ஈடுகட்டும். அப்போது சாதாரண வெள்ளையே உச்சத்தை நெருங்கிவிடுவதால் மினுக்கு ஏறுவதற்கு மேலே இடமில்லை. இரவு பத்து மணிக்கு வீட்டில் படுத்தபடி பார்ப்பவருக்குச் சாதாரண வெள்ளை 100 நிட்டில் இருக்க, ஜரிகை அதன் எட்டு மடங்குக்கு ஏறும். ஒரே கோப்பு, ஒரே கைப்பேசி, இரண்டு வேறு படங்கள். நகை, பட்டு விளம்பரங்களை இரவில் வெளியிடுவதற்கு இயற்பியலே ஒரு காரணம் தருகிறது.

இந்த எட்டு மடங்குதான் தொல்லையும். சமூக ஊடக ஓட்டத்தில் சாதாரணப் பதிவுகளுக்கு நடுவே ஓர் எச்.டி.ஆர். விளம்பரம் வந்தால், திரை திடீரென்று கண்ணில் விளக்கடிக்கும். கவனத்தைப் பறிக்க இதைவிட எளிய வழி இல்லை என்று எண்ணிப் படம் முழுவதையும் உச்சத்துக்கு ஏற்றும் விளம்பரங்கள் பெருகின. தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் சத்தம் கூடிய பழைய தந்திரத்தின் ஒளி வடிவம் இது. அமெரிக்காவில் அந்தச் சத்தத்தை அடக்க 2010இல் சட்டமே வந்தது. ஒளிக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டு 15 முதல், எச்.டி.ஆர். காட்சி சாதாரண வெள்ளைக்கு மேல் எத்தனை மடங்கு ஏறலாம் என்பதைச் செயலிகளே கட்டுப்படுத்த முடிகிறது. கூச்சல் போடும் விளம்பரத்தைச் செயலி அடக்கிவிடும், அடங்கிய பின் அதில் மினுக்கும் இருக்காது, பொருளும் இருக்காது. சராசரி ஒளிர்வைச் சாதாரணப் பதிவுகளின் அளவிலேயே வைத்து, மினுக்கை மட்டும் சிறு புள்ளிகளில் ஏற்றிய படத்துக்கு இந்தக் கட்டுப்பாட்டால் இழப்பு குறைவு.

நிறம் அகலும்போது பொறுப்பும் அகல்கிறது. அரக்கு நிறப் புடவை திரையில் எரியும் சிவப்பாகத் தெரிந்து, வீட்டுக்கு மங்கலாக வந்தால் திரும்பி வரும் செலவு கடைக்காரருடையது. பொருளைத் தவறாக வர்ணிக்கும் விளம்பரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். ஒரு படம் அழகாக இருப்பதற்காக யாரும் தண்டிக்கப்படப் போவதில்லை. இருந்தாலும் நிற அட்டை ஒன்றை முதல் ஷாட்டில் வைத்து எடுத்து, டி.ஐ.யில் அதைக் கொண்டு நிறத்தைச் சரிபார்ப்பது மலிவான காப்பு. கடையின் எல்.இ.டி. விளக்கில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரியும் சாயங்களுக்கு, எந்த விளக்கில் எடுத்தது என்பதையும் காணொளியிலேயே சொல்லிவிடலாம்.

பார்வையாளரில் கணிசமானோர் இன்னும் சாதாரணத் திரையில்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு யூடியூப் எச்.டி.ஆர். கோப்பிலிருந்து தானாகவே ஒரு சாதாரணப் படியை உருவாக்கித் தருகிறது. அந்தத் தானியங்கி மாற்றம் ஜரிகையை எங்கே வெட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டி.ஐ. செய்பவரே சாதாரணப் படியையும் தனியாகச் சரிசெய்து, விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். கைப்பேசியில் எடுத்த எச்.எல்.ஜி. காணொளியைப் பழைய முறை டைம்லைனில் அப்படியே போட்டால் வானம் வெளுத்து முகம் சுண்ணாம்பு பூசியது போலாகும். எடிட்டிங் செயலியில் நிற வெளியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் இது நேராது. செய்தியனுப்பும் செயலிகள் வழியே பகிரும் காணொளி மறுபடி சுருக்கப்படுவதால் அதில் எச்.டி.ஆர். தகவல் தங்கும் என்று நம்ப முடியாது. வாடிக்கையாளர் குழுக்களுக்குச் சாதாரணப் படியையே அனுப்புவது பாதுகாப்பு. லாக் முறையில் எடுத்த மூலக் கோப்பைக் கடை வைத்துக்கொண்டால், நாளை வரும் திரைக்கு மறுபடி டி.ஐ. செய்துகொள்ளலாம். புடவை விற்றுப்போயிருந்தாலும் அதன் மினுக்கு அந்தக் கோப்பில் வெட்டுப்படாமல் இருக்கும்.